நடேசன் பேச இருந்த ஞாயிறு

என் அன்பு மகன் நடேசனுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்க மண்டபத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியாகிவிட்டது. காதர் மைதீன் படம் காட்டுகிற மாஜிக் லாந்தரைப் போட்டான். திரையில் ஒரு புதுக் கட்டடம் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியது. தெருவும் மோட்டார் காரும் மேலே, வானம் கீழே. நானோ உன் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "பெரியோர்களே, இதன் அஸ்திவாரம் எவ்வளவு உறுதி என்று பாருங்கள்" என்று அதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.

"உறுதிதான் கிராணியாரே," என்றார் முன்வரிசையில் இருந்த சங்கத் தலைவர் சபாபதி. "ஆகாசத்துல நல்லா ஊன்றி வச்சிருக்காங்க."

மண்டபமே சிரித்தது. காதர் லாந்தருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "பெட்டியில எப்படி இருந்துச்சோ அப்படியேதான் எடுத்துப் போட்டேன்லா அண்ணே. நடேசன் தம்பி அடுக்கி வச்சா நான் பார்க்கிறதே இல்ல. இன்னிக்கு யாரு கை வச்சது?"

நான்தான். கண்ணாடிப் படத்தை லாந்தரில் தலைகீழாகப் போட்டால்தான் திரையில் நேராக வரும் என்பது எனக்கு எங்கே தெரியும்? ஆயுசு முழுக்கத் துறைமுகத்துக் கிட்டங்கியில் சரக்குப் பெட்டிகளுக்குக் கணக்குப் பார்க்கிற கிராணி நான். மேலே போக வேண்டிய பக்கத்துக்கு அம்புக்குறி போட்டிருந்தும் பெட்டியைக் கவிழ்த்து வைக்கிறவர்களிடம் கத்திக் கத்தியே தொண்டை கட்டியவன். உன் பெட்டியைத் திறந்தால் படங்களெல்லாம் கால் மேலே, தலை கீழே. பையன் ஏதோ அவசரத்தில் வைத்துவிட்டான் என்று ஒவ்வொன்றாக எடுத்து நேராக நிறுத்தினேன்.

அதோடு விட்டேனா? ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. இந்த ஊர் மழைக்குப் பூஞ்சணம் பூத்துவிட்டது என்று எச்சில் தொட்டுச் சுரண்டி எடுத்தேன். அது காதரின் கட்டைவிரலுக்காக நீ ஒட்டி வைத்த காகிதமாம். இருட்டில் விரல் அதன் மேல் பட்டால் படம் சரியாகப் போகிறது என்று அவனுக்குத் தெரியுமாம். ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சுரண்டியிருந்தேன். வேலையில் நான் அவ்வளவு சுத்தம்.

சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார் செயலாளர். தமிழில் ஐந்தாம் வகுப்பும் இங்கிலீஷில் மூன்றாம் வகுப்பும் படித்தவனுக்குக் கட்டுரை எங்கே வரும்? கடுதாசி வரும். நான் என் மகனுக்கு எழுதுகிறேன், மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவரும் சரி என்றுவிட்டார்.

எட்டிப் பார்க்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ வெள்ளைக்கார இன்ஜினீயர் ஆபீசில் பிளான் வரைந்தாய். மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த மண்டபத்தில் நின்று, உலகத்தில் புதிதாக எழும்புகிற கட்டடம், புது மாதிரி ஓவியம், பேசும் படம் என்று எல்லாவற்றையும் படம் போட்டுத் தமிழில் சொன்னாய். கடைத்தெரு வியாபாரிகள் வந்தார்கள், வாத்தியார்கள் வந்தார்கள், சரக்கு இறக்கிய கையோடு கிட்டங்கி ஆட்களும் வந்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கினேன். கோலை நீ ஒரு முறை தட்டினால் காதருக்கு. அடுத்த படம் போட வேண்டும். இரண்டு முறை தட்டினால் எனக்கு. குறட்டை மண்டபத்துக்குக் கேட்கிறது.

அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது அந்த ஞாயிற்றுக்கான நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. நடேசன் பேசுவார் என்று கொட்டை எழுத்தில். நீ போன பிறகும் அது கடைத்தெருச் சுவரில் இருந்தது. வேலைக்குப் போகும்போது படிப்பேன், வரும்போதும் படிப்பேன். ஒன்றும் தோன்றாது. சப்பணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால் வேறு யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி, அப்படி இருந்தது. இப்போதும் அப்படித்தான். வந்தவர்கள் எல்லாம் "அழுதுடுங்கண்ணே" என்றார்கள். நான் அவர்களிடம் ஜெலுத்தோங்கில் நம் வீட்டுக்கு வர பஸ் உடனே கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பதினாறு கழிந்த மறுநாள் செயலாளர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"ஒத்திப்போடலாம்னுதான் நெனச்சோம் ஐயா. ஆனா ஒரு மாசம் விட்டா, மாசாமாசம் நமக்குன்னு இருக்கற அந்த ஞாயிறே கையை விட்டுப் போயிடும். அன்னிக்குப் புராணம் வைக்கணும்னு தலைவர் ரொம்ப நாளா கேக்கறாரு. கட்டடமும் சினிமாவும் எதுக்குன்னு கமிட்டியில பாதிப்பேர் அவரு பக்கம்."

"வேற ஆளு பேச மாட்டாங்களா?"

"கேட்டுப் பார்த்தேன். தம்பி பேசின இடத்துல நிக்கப் பயப்படறாங்க."

"அப்ப நான் பேசுறேன்."

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்க்காத குறை. அவர் போன பிறகு உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"நீங்க என்னத்தப் பேசுவீங்க?"

"அவன் ஒத்திகை பார்த்ததெல்லாம் பலகைச் சுவரு வழியா எனக்குப் பாதி மனப்பாடம்."

"மீதிப் பாதி?"

"அதுக்குத்தான் படம் இருக்கே."

"துக்கம் நடந்த வீடு. இப்பவே போய் மேடையில நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், அவள் துவைத்துப் போட்ட என் கோட்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். "என்னாண்ணே, முட்டையா, இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க?" என்றார் டிக்கெட் கொடுக்கிறவர். கட்டடம் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மேலே சொன்ன மானக்கேடு. ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. போக வேண்டிய மானம் போனதும் பயமும் கூடவே போய்விட்டது. காதர் ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துப் போட்டான். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"கூரை தட்டையா இருக்கே. நம்ம ஊரு மழைக்குத் தண்ணி எங்க ஓடும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நானும் இதையே கேட்டேங்க. கண்ணுக்குத் தெரியாம குழாய் வச்சு இறக்கிடுறாங்களாம்."

"ஒரு பூ இல்ல, பொம்மை இல்ல. பிஸ்கட் டின் மாதிரி இருக்குது."

"பிஸ்கட் டின்னுன்னு நான் சொன்னதுக்கு என் மகன் ஒரு நாள் பூரா பேசல. அப்புறம் வந்து, 'பூவை எடுத்துட்டுப் பாருங்கப்பா, அப்பவும் நல்லா இருந்தா அதுதான் கட்டடம்'னான். எனக்குப் புரியல. ஆனா அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பேசும் படம் எடுக்கிற கொட்டகையைக் காட்டினேன். நடிக்கிறவர்களின் தலைக்கு மேல் கழியில் தொங்குவது குரல் பிடிக்கிற கருவி என்று சொன்னேன். அடுத்து அந்த ஓவியம். அதுதான், மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பி, இரண்டு கண்ணும் ஒரே கன்னத்தில் இருக்கிற பெண்.

"ஏன் கிராணியாரே, அந்தம்மாவுக்கு ரெண்டு கண்ணும் ஏன் ஒரே பக்கமாப் போச்சு?" என்றார் தலைவர்.

"தெரியலைங்க ஐயா. வீட்டுக்குப் போய் நடேசன்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

காதர் துணியை எடுத்து லாந்தரின் பித்தளையைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. தலைவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. உறைத்த பிறகும் எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. கோலைத் தட்டினேன். அடுத்த படம் வந்தது.

கடைசிப் படம், நம் ஊரில் எழும்புகிற புதுச் சினிமாக் கொட்டகை. நீயே எடுத்தது. ஒரு காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா?

"உயரம் தெரியணும்னா அளவுக்கு ஒரு ஆள் வேணும். அந்தச் சுவரோரம் போய் நில்லுங்கப்பா."

"நின்னு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். நின்னாப் போதும்."

ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? குடையும் கையுமாகப் போய் நின்றேன். திரையில் கட்டடம் அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு எழும்பி நிற்க, அதன் அடியில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான். "அந்தக் குடைக்காரர் நான்தாங்க. கட்டடம் எவ்வளவு பெரிசுன்னு தெரியறதுக்கு" என்றேன். "நீங்க எவ்வளவு குள்ளம்னும் தெரியுது" என்றார் தலைவர். மறுபடி சிரித்தார்கள். சிரிக்கலாம் என்று ஆனதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி போலிருந்தது.

அப்போதுதான் தம்பி, நான் அதைப் பார்த்தேன். கையகலக் கண்ணாடியில் என் கண்ணுக்குத் தெரியாதது, சுவரளவு திரையில் தெரிந்தது. காலை வெயில் உன் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. உன் நிழல் படத்தின் கீழ்ப்பாதியில் நீளமாக விழுந்திருக்கிறது. இரண்டு முழங்கையும் ஜாடியின் காதுபோல விரிந்து, வயிற்றோடு பிடித்த காமிராப் பெட்டிக்குள் தலை குனிந்து. நெட்டைக் கால். அந்தத் தலையின் நிழல் என் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கீழே கறுப்பா நீளமா விழுந்திருக்கே," என்றார் தலைவர். "மரமா?"

"இருக்கும்ங்க," என்றேன்.

பேசுவதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை. கோலைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜனங்கள் இருமத் தொடங்கினார்கள்.

காதர் மெதுவாகக் கூப்பிட்டான். "அண்ணே, ரொம்ப நேரமா விளக்குல நிக்குது. கண்ணாடி சூடு ஏறுது. எடுத்துடட்டா?"

"கொஞ்சம் இருக்கட்டும் காதரு."

"விரிசல் விட்டுடும்ணே. அப்புறம் படமே இருக்காது."

தட்டினேன். அவன் எடுத்தான். திரை வெள்ளையாக இருந்தது.

ஜன்னல் துணிகளை அவிழ்த்த பிறகு தலைவர் எழுந்தார். நன்றியுரை நீளமாக இருக்கும் என்று உட்கார இடம் தேடினேன். அவர் இரண்டே வார்த்தை பேசினார். "மாசத்துல இந்த ஞாயிறு இப்படியே நடக்கட்டும். புராணத்துக்கு வேற நாள் பார்த்துக்கலாம்." ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. நீ இருந்து கமிட்டியோடு அத்தனை சண்டை போட்டும் கிடைக்காதது, நான் கட்டடத்தைத் தொங்கவிட்டதும் கிடைத்துவிட்டது. தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருவர் அடுத்த முறை தான் பேசுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா சாப்பாடு போட்டு வைத்திருந்தாள்.

"நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"எத்தனை பேரு வந்தாங்க?"

"மண்டபம் நெறஞ்சுதான் இருந்துச்சு."

அவள் ரசத்தை ஊற்றினாள். நான் சாப்பிட்டேன். ருசி தெரிந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பேசுகிற வேலை இனி வாத்தியாருக்கு, பெட்டி தூக்குகிற வேலை எனக்கு. என் கால் நடக்கிற வரைக்கும் அந்தப் பெட்டி மாதாமாதம் ஜெலுத்தோங்கிலிருந்து மண்டபத்துக்கு வந்து சேரும். அந்தக் கடைசிப் படத்தை மட்டும் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு அதைக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது என்று இன்னும் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் அவள் கண்ணுக்குத் தெரியுமா?

தலைவர் கேட்டபோது அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: மரம் இல்லீங்க ஐயா, அது என் பையன்.

உன்னைப் பெற்ற
அப்பா