பாணுக்கும் நமக்கும் ஒரே மரபணு

மச்சான்,

பேக்கரியில் பாணுக்கு ஈஸ்ட் கரைக்கிற வேலையை முதலாளி இன்று என்னிடம் தந்தார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நுரை எழும்பியது. ஒலுவில் கெம்பஸ் ஆய்வுகூடத்தின் அதே புளித்த வாசம். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மாவைக் கொட்டினேன்.

அங்கே நாம் சோடி. நுணுக்குக்காட்டியில் பிரிகிற ஈஸ்ட் கலங்களை நீ எண்ணுவாய், நான் எழுதுவேன். ஈஸ்டின் கலப்பிரிவை நடத்துகிற மரபணுவை எடுத்துவிட்டு மனிதனுடையதை வைத்தாலும் அது பிரியும் என்று படித்த அன்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினாய்.

"டேய், நீயும் காலையில தின்ட பாணும் சொந்தக்காரர்டா."

"அப்ப சொந்தக்காரனையா சம்பலோட தின்ட நான்? சரி, ஏன் இவ்வளவு காலமா அது மாறாமக் கிடக்கு?"

"மாறினதெல்லாம் செத்துப்போச்சு மச்சான். மிஞ்சினதைத்தான் நாம பாக்கிறம்."

அந்தத் தவணையில்தான் உன் கழுத்தில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறேன் என்றாய். செய்முறைப் பரீட்சை நெருங்கியிருந்தது. நீ இல்லாவிட்டால் நான்தான் எண்ண வேண்டும். எனக்கு அது வராது.

"பரீட்சை முடியட்டும்டா. உன்ட கலத்துக்கு பிரேக் போயிட்டு போல, பொறகு காட்டுவம்."

சிரித்தாய். ஐந்து வாரம் பொறுத்தாய். இரண்டு பேரும் பாஸ். கொழும்பில் புற்றுநோய் என்றார்கள். மாறினதெல்லாம் செத்துப்போகும் என்றாயே, உன் கழுத்தில் மாறினது சாகவில்லை. பெருகியது.

நீ போன பிறகு நான் கெம்பஸ் போகவில்லை. வாப்பா ஏசினார். இந்தப் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் காரைதீவில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா இலை போட்டுவிட்டு என் முன்னால் குந்தினார்.

"மனே, நீயும் அதுதானே படிச்ச. நேரத்தோட காட்டியிருந்தா புள்ள தப்பியிருப்பானா?"

"இல்லம்மா. காட்டியிருந்தாலும் இதுதான்."

எனக்கு அது தெரியாது. நான் மறித்த கதையும் அவருக்குத் தெரியாது.

"அப்ப நான் கவனிக்காம விட்டதில்ல, என்ன?" என்றார். இன்னும் சோறு போட்டார். முழுக்கச் சாப்பிட்டேன்.

இப்போதும் சந்தையில் கண்டால் அதையே கேட்கிறார். நானும் அதையே சொல்கிறேன். ஐந்து வாரத்தில் என்ன ஆகியிருக்கும் என்று டொக்டர் ஒருவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால், உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து அந்தப் பதிலைச் சொல்ல முடியாமல் போகலாம். அதனால் கேட்கவில்லை.