வெள்ளைக்காரம்மாவின் இலையில் ஐந்தாவது இட்லி

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் ஆரம்பிக்கத் தெரியும். நீங்கள் போய்ப் பத்து மாசம் ஆகிறது. இருந்தாலும் அப்படியே கேட்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்குத் தன்னோடு வந்துவிடு என்று நம்ம பையன் குமார் சொல்லிக்கொண்டே இருக்கிறான். மெஸ்காரம்மாவோ, காலையில் வந்து பரிமாறித் தரச் சொல்லி ரெண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். ரெண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குமார் வந்து டிவியில் ஒரு படம் போட்டான். எது தெரியுமா? நாம் ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போய் நான் மாட்டிக்கொண்டேனே, அந்த வெள்ளைக்காரர்கள் படம்! தமிழிலேயே பேசுகிறார்கள், மாமா.

லண்டனில் வேலையெல்லாம் முடிந்து வீட்டோடு இருந்த ஐந்து வயசாளிகள், குளிரும் தனிமையும் தாங்காமல் காஞ்சிபுரத்தில் பழைய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் குடிவருகிறார்கள். ஒருத்தர் ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்று பசுமாட்டின் மேல் மோதுகிறார். இன்னொருத்தர் கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வருகிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்புறம் நம்ம மெஸ் வந்தது. பரிமாறுகிறவள் வேஷத்துக்கு அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வெள்ளைக்காரம்மா இட்லியைத் தின்று முடித்து, காலி இலையைப் பார்த்துக்கொண்டு ஏதோ பேச வேண்டும். நான் இட்லித் தட்டோடு சும்மா நிற்க வேண்டும். இலை காலியாக இருந்தால் என் கை நிற்குமா? நாலு தடவை எடுத்தார்கள். நாலு தடவையும் போட்டுவிட்டேன்.

"எத்தினி தபா சொல்றது? சும்மா நில்லுங்கமா!" என்று கத்தினான் டைரக்டரின் அசிஸ்டெண்ட்.

"எலை காலியா இருக்குதேப்பா. ஒரு மனுஷி உக்காந்துக்கினு இருக்கா, பார்த்துக்கினு நிக்கச் சொல்றியா?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நீங்கள் வேறு, "விட்டுடு சரோஜா, அந்தம்மா உயிரோட ஊருக்குப் போவணும்!" என்று கூவினீர்கள். கூட்டமே சிரித்தது. ஐந்தாவது தடவையும் போட்டேன். அந்த ஐந்தாவது இட்லிக்கு அந்தம்மாவே சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவள் இங்கிலீஷில் என்ன பேசினாள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அவர் போனதிலிருந்து எனக்குப் பசிக்கவே இல்லை" என்கிறாள். சொல்லி வாய் மூடவில்லை, நான் இட்லியைப் போடுகிறேன்.

குமார் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். கண் தானாக நிறைந்தது. இந்தப் பத்து மாசமாக நான் என்ன சாப்பிட்டேன், மாமா? ஒரு ஆளுக்காக அடுப்புப் பற்றவைக்க மனசு வராமல் டீயும் பன்னுமாகத் தள்ளினேன். என் இலையில் யாராவது கேட்காமல் ஒன்று போட்டிருந்தால்?

படம் முடிந்ததும் சொல்லிவிட்டேன். "நான் உன்னோட வரலப்பா. மெஸ்ஸுக்குப் போறேன்."

"இந்த வயசுலயா? பெத்தவள வேலைக்கு அனுப்பிட்டான்னு ஊரே என்னைக் காறித் துப்பும்மா."

"அந்தக் கெயவிங்க ஏரோப்ளேன் ஏறி வந்து குடித்தனம் பண்றாங்க. நான் ரெண்டு தெரு தாண்டக் கூடாதா?"

"அது படம்மா!"

"நானுந்தான்டா அந்தப் படத்துல இருக்கிறேன்."

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? போ என்றுதானே? இல்லை, எனக்கு யார் காப்பி போடுவது என்று முறைத்திருப்பீர்களா?

வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து போகிறேன், மாமா. எல்லாருக்கும் பரிமாறி முடித்ததும் எனக்கும் ஒரு இலை போட்டு உட்காருவேன். பசிக்காத நாளிலும் உட்காருவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் அத்தை மகளும் சம்சாரமுமான
சரோஜா