ஹினாகோவை என்னிடம் கொடுக்க மறுத்த சனிக்கிழமை

நான் பெறாமலே வளர்த்த மகள் சயோகோவுக்கு, உன் மாமா தொகுசாபுரோ ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ஃபுமியேயும் என் மீசையும் சௌக்கியம், ஹாம்பர்க்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் உன் அத்தை பாதியில் பிடுங்கிக்கொண்டு தன் கதையைச் சொல்லிவிடுவாள், அதனால்தான் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே, இந்த வாரமும் என் பெண் ஹினாகோ பள்ளியில் வாய் திறக்காவிட்டால் வேலையை உதறிவிட்டு வந்துவிடுவேன், டிக்கெட்டும் போட்டுவிட்டேன் என்றாயே, அதிலிருந்து எனக்கு மிசோ சூப்கூட இறங்கவில்லை. ஏப்ரலில் நீ கொண்டுவந்து விட்டதிலிருந்து பிள்ளை தலையாட்டியே காலம் தள்ளினாள், என்னை ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. காலையில் பள்ளி வாசலில் என் சட்டையை விடாமல் நிற்பாள், சாயங்காலம் இதே இடத்தில் நிற்பேன் என்று நான் சத்தியம் செய்தால்தான் உள்ளே போவாள்.

இந்த வாரம் பார்த்துத்தான் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு போருக்குப் போவதுபோல் கிளம்பியது. திங்கட்கிழமை நீச்சல் குளம் கழுவும் வேலை, அதற்கு முன்னால் குளத்துப் பாசிக்குள் இருக்கிற தும்பிப் புழுக்களைப் பிள்ளைகள் பிடித்துக் காப்பாற்ற வேண்டுமாம். பெற்றோர் உதவிக்கு வரலாம் என்றார்கள், போனேன், ஒரே வழுக்கில் குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மல்லாந்தே பயணம் செய்தேன், பள்ளி வரலாற்றில் யாரும் குளத்தை அவ்வளவு வேகமாகத் துடைத்ததில்லை. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், நம்மவள் மட்டும் வாளியோடு வந்து என் முதுகில் ஒட்டியிருந்த புழு ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டாள். அடுத்த நாள் இரண்டாம் வகுப்புக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் பாடம், நேராக நம் முடிதிருத்தும் கடைக்கே வந்து இறங்கிவிட்டார்கள். இந்தக் கத்தரிக்கோலால் ஒரு திமிங்கிலத்துக்கே மீசை வெட்டினேன் என்றேன், ஒரு வாண்டு, “தாத்தா, திமிங்கிலத்துக்கு மீசையே கிடையாது” என்று மடக்கியது, “நான் வெட்டிட்டேன்ல, அப்புறம் எப்படி இருக்கும்?” என்றேன். ஹினாகோ துண்டு அலமாரிக்குப் பின்னால் நின்றாள், தோள் குலுங்கிற்று, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பிறகு வள்ளிக்கிழங்குக் கொடி நடுதல், பல் பரிசோதனை (நாலு பல் சொத்தை, எனக்கில்லை, அவளுக்கு, தித்திப்பு வாங்கிக் கொடுத்தது உன் அத்தை என்று வைத்துக்கொள்), இப்படியே வாரம் ஓடியது, பிள்ளை பேசவில்லை. வெள்ளிக்கிழமை உனக்கு என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளரின் புருவத்தைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கிற நாள், முடிந்ததும் பூகம்பம் வந்தால் பிள்ளைகளைப் பெரியவர்களிடம் ஒப்படைக்கிற ஒத்திகை. பிள்ளைகள் எல்லாம் தலைக்குக் காப்பாகப் பஞ்சு வைத்த முக்காட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது, கவாசே டீச்சர், பிள்ளையை யாரிடம் விடலாம் என்று நீ எழுதிக் கொடுத்த அட்டையைப் பார்த்தாள், அம்மா சயோகோ, அம்மாவின் அத்தை ஃபுமியே, அவ்வளவுதான், அவசரத்தில் நீ என்னை எழுத மறந்திருக்கிறாய் அம்மணி! “ஏம்மா, உனக்கு முதல் முடி எடுத்ததே நான்தானே” என்றேன். “தெரியும் ஐயா, ஆனா இப்போ பூகம்பம் வந்திருக்கு, எனக்கு உங்களைத் தெரியாது” என்றாள். நான் மீசையைக் காட்டினேன், கடைச் சாவியைக் காட்டினேன், பின்னால் நின்றவர்கள், “யோவ், சுனாமி வந்துடும், நகருய்யா” என்று கத்தினார்கள். கவாசே குனிந்து, “ஹினாகோ, இவரு உனக்கு யாரும்மா?” என்று கேட்டாள். இதற்கும் தலையை ஆட்டினால் நான் என்ன செய்வேன்?

முக்காடு எழுந்து நின்றது. ஆறாம் வகுப்பு வரிசைக்கும் கேட்கிற குரலில், “இவரு என் தாத்தா. நிறையப் பொய் சொல்வாரு. ஆனா வர்றேன்னு சொன்னா வந்துடுவாரு!” என்றாள்.

கவாசே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனாலும் விடவில்லை, அட்டையில் பெயர் இல்லை என்றால் இல்லைதானாம். நம்மவள் என் சட்டையைப் பிடித்து, “அப்போ தாத்தாவும் என்கூட இங்கதான்” என்று இழுத்து உட்கார வைத்துவிட்டாள். பக்கத்துப் பெண் மியோ, திமிங்கிலக் கதை நிஜமா என்று கேட்க, ஹினாகோ என்னை முந்திக்கொண்டு, மீசை வெட்டியது பொய், சுறாவுக்குச் சவரம் செய்ததுதான் நிஜம் என்று அடித்துவிட்டாள் பார், நம் வம்சம்தான், சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு அந்த வாய் மூடவில்லை. கடைசியில் உன் அத்தை, பாதித் தலை சுருள் உருளைகளோடு இருந்த ஒரு வாடிக்கையாளரையும் பின்னால் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் கையெழுத்துப் போட்டு மீட்டாள்.

ஆகவே மகளே, நிம்மதியாக வேலையைப் பார், நெஞ்சிலிருந்து ஒரு மலையை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது எனக்கு, உனக்கும் இருக்கட்டும். நீயும் பிள்ளையும் நூறாண்டு நோயில்லாமல் வாழ வேண்டும். மறக்காமல் பள்ளிக்கு எழுதி என் பெயரையும் சேர். டிக்கெட்டை என்ன செய்வது என்று ஹினாகோவிடமே கேட்டேன், “அம்மாவை ஆகஸ்ட்ல வரச் சொல்லு, இப்ப வந்தா எனக்கு நேரம் இல்ல, மியோ வீட்டுக்குப் போகணும்” என்றாள்.

இப்படிக்கு,
பள்ளிக்கூட அட்டையில் இல்லாவிட்டாலும் தாத்தாவாகிவிட்ட
தொகுசாபுரோ மாமா