சிதம்பரத்துக்கு நான் எதற்குப் போனேன்

கடலூர் முதுநகர்
நவம்பர் மாதம், ஞாயிறு பூசை முடிந்து

அன்பு மகள் சகாய பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மரிய அருளும் பேரனும் மெல்போர்னில் மாதாவின் தயவில் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்ன சுகம், அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதமே. வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று நீ மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாய். போனை எடுத்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து மாமா நல்லா இருக்கீங்களா என்கிறார், நான் பதில் சொல்வதற்குள் பேரன் எதையாவது இழுத்துப் போடுகிறான், நானும் மழை பெய்யுது, கரண்ட் இல்லை என்று இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறேன். இது அப்படிச் சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை. மாப்பிள்ளைக்கு நீயே பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்.

ஊர்ச் செய்தி என்றால் மழைதான். கெடிலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, நம் தெருவுக்கு இன்னும் வரவில்லை. மாடி அறை மூலையில் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறேன். கொத்தனார் அன்பரசு மழை விட்டதும் வருகிறேன் என்று போன மழையிலேயே சொன்னவன், இன்னும் அதையேதான் சொல்கிறான். கல்லறைத் திருநாளுக்கு உன் அம்மா கல்லறையில் புல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வந்தேன், காற்றில் நிற்கவே இல்லை, மூன்று தடவை கொளுத்தினேன். உன் பெயரையும் பேரன் பெயரையும் சொல்லித்தான் செபித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போன பிறகு, இந்தத் தடவை பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் நடந்து வந்து மொட்டை போடுகிறேன் என்று நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். தவக்காலத்தில் நம் பங்கு ஆட்களோடு மாதா கோயிலுக்கு நடந்து போய் அதை நிறைவேற்றினேன், மொட்டைத் தலையை வீடியோவில் காட்டினேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோயிலில் மொட்டை போடும் இடத்தில் வரிசை நீளமாக இருந்தது. சர்வீஸ் முழுக்க ஜனங்களை வரிசையாக ஏறு, வரிசையாக இறங்கு என்று அதட்டிய கண்டக்டர் நான், எனக்கு வரிசையில் நிற்கப் பொறுமை இல்லை. வெளியே ரோட்டோரத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆளிடம் தலையைக் கொடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் சிரைத்துக்கொண்டவனுக்கு உச்சியில் வெட்டுப்பட்டு ரத்தம் வழிந்தது. எனக்கும் காதுக்கு மேலே ஒரு கீறல் விழுந்தது. எழுந்து சந்தனம் தடவிக்கொள்ளும்போது சுருக்கென்று எரிந்தது, அப்போதுதான் அந்த ஆள் பிளேடை மாற்றினானா என்ற யோசனை வந்தது. மாற்றித்தான் இருப்பான். மாற்றாமலும் இருந்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. உன் அம்மா கூட வந்திருந்தால் புது பிளேடின் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் என் தலையை அவனிடம் ஒப்படைத்திருப்பாள்.

ஊருக்கு வந்த பிறகு கீறல் ஆறிவிட்டது, மனசு ஆறவில்லை. அந்த வார்த்தையை எழுதியே விடுகிறேன், எச்.ஐ.வி. பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த விளம்பரத்தைத் தவிர எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. போனில் தேடினால் ஒருவன் பயப்படாதே என்கிறான், அடுத்தவன் பயப்படு என்கிறான். லேசாகக் காய்ச்சல் அடித்தால் அதுதான் என்று தோன்றும், நாக்கில் புண் வந்தால் அதுதான் என்று தோன்றும். பிறகு நீ ஒரு நாள் போனில், பேரனைத் தூக்குகிறவர்கள் கக்குவான் இருமலுக்கு ஊசி போட்டிருக்க வேண்டும், கை கழுவ வேண்டும், முகத்தில் முத்தம் கொடுக்கக் கூடாது, ஜனவரியில் நாங்கள் ஊருக்கு வரும்போது நீங்களும் அப்படித்தான்ப்பா என்று சொன்னாய். நியாயம்தான், பச்சைப் பிள்ளை. ஆனால் அன்று போனை வைத்ததும், இவள் இருமலுக்குப் பயப்படுகிறாள், என் ரத்தத்தில் வேறு ஒன்று இருந்துவிட்டால் இவள் பிள்ளையை நான் எந்த முகத்தோடு வாங்குவது என்று நினைத்தேன்.

கடலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் யாகப்பன் சார் என்ன இந்தப் பக்கம் என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் சிதம்பரம் போனேன். என் புத்தியைப் பார், சர்வீஸ் பூராவும் ஓடிய ரூட்டுக்கே ஆள் தெரியாமல் இருக்கப் போனேன். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று நம்பிக்கை மையம் என்று ஒரு அறை இருக்கிறது. பெயர் கேட்டார்கள், தேவநாதன் என்று வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தேவநாதன், தேவநாதன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், எவனோ ஒருவன் காது கேட்காமல் உட்கார்ந்திருக்கிறான் பார் என்று நானும் சுற்றிப் பார்த்தேன். கடைசியில் ஆலோசகர் பெண் வெளியே வந்து என் பக்கத்தில் குனிந்து, கண்டக்டர் சார், உங்களத்தான் என்று மெதுவாகச் சொன்னது. எழிலரசி என்று பெயர், கீரப்பாளையம் பக்கம், கடலூரில் படித்த காலத்தில் என் பஸ்ஸில்தான் போய்வந்ததாம். அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு, இங்கே பேசுவது வெளியே போகாது என்று சொல்லி என்னை உட்கார வைத்தது.

சாப்பிட்டீங்களா, ராத்திரி தூக்கம் வருதா, கூட யாராவது வந்திருக்காங்களா என்று முதலில் கேட்டது. பிறகுதான் பிளேடு கதையைக் கேட்டது. வெளியில் காய்ந்துபோன ரத்தத்தில் அந்தக் கிருமி தாங்காது, இப்படி ஒரு கீறலில் வருவதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு, இருந்தாலும் மனசு சமாதானப்பட இன்றைக்கு ஒரு தடவை பார்ப்போம், ஒட்டியிருந்தாலும் ரத்தத்தில் தெரிய நாளாகும், அதனால் கீறல் பட்டதிலிருந்து மூன்று மாசம் கழித்து ஒரு தடவை பார்த்துவிட்டால் முடிந்தது என்றது. மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று இருக்கிறதாம், அதுதான் பிளேடில் கொஞ்சம் கெட்டியாக நிற்குமாம், அதற்கும் சேர்த்து டெஸ்ட், ஒன்றும் இல்லையென்றால் தடுப்பூசி. தட்டு, டம்ளர், துண்டு, கொசு, கை கொடுப்பது இதிலெல்லாம் வராது என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அன்றைய டெஸ்டில் ஒன்றும் இல்லை. தேதி எழுதிக் கொடுத்து அனுப்பியது.

கேட்டுக்கொண்டு வந்தேனே தவிர மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். கழுவித் தனியாகக் கவிழ்த்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், யாரிடமிருந்து பிரித்து வைக்கிறேன் என்று. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது பிரியா. அழுதேன். அந்த டம்ளரைத் திரும்ப அலமாரியில் சேர்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. மணவாளன் மாமாவை உனக்கு நினைவு இருக்கும், என் டிரைவர், சாயங்காலமானால் வந்து டீ குடித்துப் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துவிட்டுப் போவார். அவர் வந்தால் நான் டீ போடாமல் தலைவலி என்றேன், வேலை இருக்கிறது என்றேன், ஒரு நாள் உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. அவர் வராமல் நின்றுவிட்டார். பூசையில் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டேன். ஃபாதர் கூட ஊர்ப் பயணமா யாகப்பன், ஆளையே காணோமே என்று கேட்டார்.

சொன்ன தேதிக்குப் போனேன், எல்லாம் சுத்தம் என்றார்கள். இனி பயமே வேண்டாம் சார் என்று அந்தப் பெண் சிரித்தது. திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டும்வரை எனக்குள் பாட்டுத்தான். வந்ததும் மணவாளனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மகனோடு இருக்க ஓசூர் போய்விட்டாராம், வீட்டையும் வாடகைக்கு விடப் போகிறார்களாம். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், கதவைத் திறந்தால்தானே. போன் போட்டால் நல்லா இருக்கேன் மச்சான் என்று மரியாதையாக வைத்துவிடுகிறார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உனக்கு விநோதமாக இருக்கும். ஒரு இலவச முகாமில் சர்க்கரை பார்க்க விரலில் குத்தினார்கள், என் கண் முன்னால் புது ஊசியைத்தான் பிரித்தார்கள், இருந்தும் சந்தேகம் வந்துவிட்டது என்று சொல்லித் திரும்பவும் சிதம்பரம் போனேன். அந்தப் பெண் அதே போலச் சாப்பிட்டீங்களா, தூக்கம் வருதா என்று கேட்டது, நான் விலாவாரியாகப் பதில் சொன்னேன், பார்த்து அனுப்பியது, ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், அங்கே டெங்கு காய்ச்சல் ஜாஸ்தி என்கிறார்கள், பிள்ளைக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டால் வம்பு, ஜனவரி வேண்டாம்ப்பா, அப்புறம் பார்க்கலாம் என்றாய். நானும் ஆமாம்மா, அதுதான் நல்லது என்றேன். செவ்வாய்க்கிழமை முகச் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, மழையோடு மழையாகச் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். இந்தத் தடவை என்ன காரணம் சொல்வது என்று பி.முட்லூர் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். பல்லில் ரத்தம் வருகிறது என்று சொன்னேன்.

எழிலரசி ஊசியை எடுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது. "சார், உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல, இனிமே வந்தாலும் நான் எடுக்க மாட்டேன். நீங்க நோயி வந்துடுமோன்னு வர்றீங்களா, வீட்ல பேச ஆளு இல்லன்னு வர்றீங்களா? கோவிச்சிக்காதீங்க, எங்க அப்பாவாட்டம் நெனச்சித்தான் கேக்குறேன்" என்றது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு ஆள் இல்லை என்று உன்னிடம் சொன்னேனா, மகள் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார், பேரன் இருக்கிறான் என்று கத்திவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தேன். அந்தப் பெண் குடையோடு பின்னாலேயே ஓடி வந்து கையில் கொடுத்து, அப்ப அவுங்ககிட்ட சொல்லுங்க சார் என்றது. அவ்வளவுதான். பஸ்ஸில் நனைந்து உட்கார்ந்துகொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் ஆள் வந்து உட்கார்ந்தால் நல்லது என்று இருந்தது, யாரும் உட்காரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலை அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன், உனக்கு எழுதுகிறேன். முதல் இரண்டு தடவை நோய்க்குப் பயந்துதான் போனேன். அதற்குப் பிறகு போனதெல்லாம் பேச ஆள் இல்லாமல்தான். ராத்திரி தூங்கினாயா என்று கேட்டு, நான் பதில் சொல்லி முடிக்கிறவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் அங்கே இருந்தது. இனி அங்கேயும் போக முடியாது.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளை வைத்திருக்கிறவளுக்குப் பயம் இருக்கும், பயத்தோடு இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அதை வைத்துக்கொண்டு போனில் தேடாதே. மெல்போர்னில் உன் டாக்டரிடம் போய், கடலூருக்குப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும், என்னென்ன ஊசி, எந்த மாசம் போகலாம் என்று நேராகக் கேள். கக்குவான் இருமல் ஊசியை நான் போட்டுவிட்டேன், காமாலை ஊசியும் போட்டுக்கொண்டு வருகிறேன், கொசுவலை வாங்கிக் கட்டுகிறேன், தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்கிறேன், தொட்டியை வாரா வாரம் தேய்க்கிறேன். ஜனவரி முடியாதென்றால் வேண்டாம், அடுத்த வருஷம் ஆகட்டும். ஆனால் அப்புறம் என்று சொல்லாதே அம்மா. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்கள், எவ்வளவு பயத்திலும் அந்தத் தேதி வரைக்கும் நாளை எண்ணிக்கொண்டு இருந்துவிட்டேன். அப்புறம் என்பதை நான் எந்த நாளிலிருந்து எண்ணுவேன்? தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு தேதி சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனின் அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப் போடாதே, வேலை வேலை என்று நீ சாப்பிடாமல் இருக்காதே. உங்கள் மூவரையும் மாதா தன் முந்தானையில் மூடிக் காக்கட்டும், உன் அம்மாவின் ஆசீரும் என் ஆசீரும் உங்கள் வாசலை விட்டு நீங்காதிருக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்து இருக்கும்
அப்பா
யா. யாகப்பன்