மல்லாட்டை ரயிலுக்குப் பூனைக் காது

மே 3, சனி
காலையிலேயே அனல். ஃபைபருக்குக் கலக்கிய பிசின் வாளியிலேயே இறுகிப்போயிற்று. இனி விடியற்காலையில்தான் கலக்க வேண்டும். வாங்க: பிரஷ் 2, கையுறை, மஞ்சள் பெயிண்ட்.

மல்லாட்டை ரயில் முடிந்தது! கூட்டேரிப்பட்டில் முதலாளி பாய் கட்டுகிற கேளிக்கைப் பூங்காவில் நானே யோசித்துச் செய்த ஒரே விளையாட்டு. வேர்க்கடலை ஓடு மாதிரி நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பருப்பு மாதிரி இரண்டு பேர். இருட்டுச் சுரங்கம், தலைக்கு மேல் வேர், நெளிகிற மண்புழு. கடைசியில் செடியோடு பிடுங்கின மாதிரி சடாரென்று வெளிச்சம். இப்படி ஒன்று வேறெங்கும் கிடையாது. எட்டு மாத உழைப்பு.

வெல்டர் ஏழுமலை ஒரு சுற்று போய்விட்டு வந்தான். "யக்கா, வெளிய வரும்போது நெஞ்சு பக்குனு ஆயிடுச்சு." இன்று முழுக்க இது போதும் எனக்கு.

மே 5, திங்கள்
பாய் வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். இருபது வருடம் துபாயில் சம்பாதித்ததை எல்லாம் இந்த இடத்தில் போட்டிருக்கிறார். ரயிலில் போனார், சிரித்தார். பிறகு போனில் ஒரு பூனைப் படம். டிவியில் பிள்ளைகள் பார்க்கிற பூனை.

"ஸ்டெல்லாம்மா, ரயிலு சூப்பரு. ஆனா மல்லாட்டைய பாக்க யாரும்மா டிக்கெட் எடுப்பாங்க? காதும் மூஞ்சியும் வச்சிடு."

"அதுக்கு லைசென்ஸ் வேணுமே பாய்?"

"கண்ண மட்டும் கொஞ்சம் மாத்திடும்மா. புள்ளைங்களுக்குத் தெரியும், கம்பெனிக்காரனுக்குத் தெரியாது."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முன்னால் இரண்டு பெட்டிக்கு மட்டும் வைக்கிறேன், திறப்பு அன்று கூட்டத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார்.

மே 11, ஞாயிறு
திறப்பு. செம கூட்டம். பூனைப் பெட்டிக்கு வரிசை கேட் வரைக்கும். மல்லாட்டைப் பெட்டிகள் இரண்டும் பின்னால் காலியாகவே போய் வந்துகொண்டிருந்தன. பார்க்கவே சகிக்கவில்லை.

மூன்று மணிக்கு மயிலம் பக்கத்திலிருந்து வந்த நான்கு பெண்கள் அவற்றில் ஏறினார்கள். கூலிக்கு மல்லாட்டை பறிக்கிறவர்கள். வெளிச்சத்துக்கு வந்தபோது ஒருத்தி கத்தினாள்: "இத்தினி நாளு நாம புடுங்கனோம், இன்னிக்கு நம்மளப் புடுங்கறாங்கடி!" நான்கு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றார்கள். எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

பாயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மெதுவாகச் சொன்னார்: "நாலு பேரும்மா. நாலு பேர வச்சிக்கினு ரயிலு ஓட்ட முடியுமா, சொல்லு? மீதி ரெண்டுக்கும் நாளைக்கே வச்சிடு."

இரவே பிசினையும் காது அச்சையும் எடுத்து வைத்தேன்.

மே 12, திங்கள்
ஐந்து மணிக்கே வாளியோடு உட்கார்ந்தேன். பிசினை இறுகவைக்கிற ஹார்ட்னரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் போதும். சூட்டில் காது விரிசல் விட்டு, ஒரு வாரத்தில் கழன்று விழும். வெயில் மேல் பழியைப் போட்டுவிடலாம். பாட்டிலைச் சாய்த்தும்விட்டேன்.

விழுந்தால் பிள்ளைகள் தலையில்தானே விழும்? சீ!

அந்த வாளியைக் கொட்டிவிட்டு வேறு கலக்கினேன், அளவாக. எட்டு மணிக்கு அச்சைப் பிரித்தால் ஒரு குமிழி இல்லை, ஒரு பிசிறு இல்லை. இத்தனை வருடத்தில் என் கையால் இவ்வளவு சுத்தமாக எதுவும் வந்ததில்லை. பாழாய்ப்போன காது.