சைபர் எடுத்தவளுக்கு

உன் போனின் திரைக் கண்ணாடியில் ஒரே ஒரு இடம்தான் தேய்ந்திருக்கிறது. இடது பக்கம், கீழ் மூலை. இன்று காலை சார்ஜரில் போட எடுத்தபோது, ஜன்னல் வெயில் பட்டு அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நாம் போனில் ஆடிய சண்டை ஆட்டத்தில் கேடயப் பொத்தான் இருக்கும் இடம். என் போனில் வலது மூலை தேய்ந்திருக்கிறது. அது வாள். திருப்பதியிலிருந்து சத்தியவேடு பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பேரும் இரண்டு வருஷம் தேய்த்தது.

நாம் நாலு பேர் ஓர் அணி. நீ, நான், கம்பெனியின் உற்பத்தி லைனில் நம்மோடு நின்ற இரண்டு தெலுங்குப் பெண்கள். நாலு பேரும் முறை வைத்து ஆடியதும் எதிரியின் முறை வரும். அவன் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் நீ கேடயத்தை அழுத்திவிட்டால், அந்தச் சுற்றில் அவனுடைய அடியெல்லாம் உன்மேல்தான் விழ வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. அடிக்கிறவளுக்குத்தான் பேரும் புள்ளியும். நான் முதல் நாளே வாளைப் பிடித்துக்கொண்டேன், வெட்கமே இல்லாமல். நீ, "எனுக்கு எதுவா இருந்தா இன்னா" என்று மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டாய்.

ஒரு நாள் உன் உயிர்க்கோடு நூலாக இளைத்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. எதிரியைத் தன் பக்கம் கூப்பிடும் முரசு ஒன்று என்னிடமும் இருந்தது. உனக்கு விழுவதில் பாதியை வாங்கிக்கொள்ளலாம் என்று அதை அடித்தேன். கடைசியாகக் கூப்பிட்டவள் பக்கம்தான் எதிரி திரும்புவான் என்பதை மறந்தே போனேன். உன் கேடயம் வீண். கவசமில்லாத நான் ஒரே அடியில் காலி. வாள் வீச ஆளில்லாமல் ஆட்டமும் போயிற்று. நீ போட்ட சத்தத்தில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள்.

"உன்ன யாருடி குறுக்க வரச் சொன்னது? நீ அடிச்சிக்கினே இரு. எம்மேல வுழறத நான் பாத்துக்கறேன்."

எனக்கு அன்றைக்குக் கோபம்தான். உதவி செய்ததற்குத் திட்டா என்று இரண்டு நாள் ஜன்னல் சீட்டை உனக்குத் தரவில்லை.

திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவில் போட்டி வைத்தார்களே, அந்த இறுதி ஆட்டத்துக்கு உன் நைனா தக்காளி பறிப்பைக்கூட விட்டுவிட்டு புத்தலப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முதல் வரிசை நாற்காலி. கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது உன் உயிர்க்கோடு மறுபடி நூல். என் விரல் தானாக முரசுப் பக்கம் போயிற்று. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாய். விரலை எடுத்துவிட்டேன். நீ கேடயத்தை அழுத்தினாய், அவன் அடித்தான், நீ விழுந்தாய். அடுத்தது என் முறை. ஒரே வெட்டு. ஜெயித்தோம்! என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதே இல்லை.

பெரிய திரையில் நாலு பேர் பெயரும், யார் எவ்வளவு அடித்தோம் என்ற புள்ளியும் வந்தது. முதலில் நான். கடைசியில் நீ. சைபர்.

உன் நைனா அதைப் படித்துவிட்டு மெதுவாக வந்தார். "இன்னாம்மா, எல்லாரும் அடிச்சிக்கினு கீறாங்க, நீ மட்டும் சைபரு?"

"ஆமா நைனா, சைபருதான்" என்று சிரித்தாய்.

"போவுது வுடு. அடுத்த வாட்டி ரெண்டு அடியாச்சும் அடி." அவர் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். கேடயத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று உன்னைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"பொண்ணு அடி வாங்கறத பாக்கவா வந்தாரு? சொன்னா சோறு துன்ன மாட்டாருடி."

அதையும் உன்மேலேயே வாங்கிக்கொண்டாய்.

பிறகு உனக்கு டெங்கு வந்தது. பதினோரு நாளில் எல்லாம் முடிந்தது. அந்த அடியை எங்களில் யாராலும் எங்கள் பக்கம் திருப்ப முடியவில்லை.

காரியம் முடிந்த அன்று உன் நைனா இந்தப் போனை என் கையில் கொடுத்தார். "நீயே வெச்சிக்க பாப்பா. இதுலதான் சைபரு எடுத்துக்கினு இருந்தா." எனக்குத் தாங்கவில்லை. உன்னை அப்படி நினைத்துக்கொண்டே அவர் மிச்சக் காலத்தைக் கழிக்கக் கூடாது. அங்கேயே போனைத் திறந்து, இறுதி ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுத்தேன். யார் எவ்வளவு அடித்தார்கள் என்பதற்குக் கீழே இன்னொரு பட்டியல் உண்டு, யார் எத்தனை அடி வாங்கினார்கள் என்று. கேடயம் என்றால் என்னவென்று முதலில் சொன்னேன். பிறகு படித்துக் காட்டினேன். உன் பெயருக்கு நேரே நாற்பத்து மூன்று.

அவர் போனை வாங்கி அந்த வரியில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "மத்த மூணு பேருக்கு?" என்றார்.

"மூணு பேருக்கும் சைபர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். வந்திருந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவர்களுக்கும் படிக்கச் சொன்னார். அன்றைக்கு ஆறேழு தடவை படித்திருப்பேன். எனக்கு அலுக்கவேயில்லை, அவ்வளவு பெருமை.

போன ஞாயிறு உன் இடத்துக்குப் புதிதாக ஒருத்தியைச் சேர்த்து ஆடினோம். வாளை அவளிடம் கொடுத்துவிட்டு நான் கேடயத்தை எடுத்தேன். ஜெயித்தோம். அடித்த புள்ளியில் என் பெயருக்கு நேரே சைபர். அதைப் படம் எடுத்து உன் நைனாவுக்கு அனுப்பினேன். வேண்டாம் வேண்டாம் என்று உன் குரல் காதில் கேட்டது, ஆனாலும் அனுப்பினேன்.

அவருக்கு டைப் அடிக்க வராது, தெரியுமே. குரலில்தான் பதில் வந்தது. "மத்தவங்க மேல எவ்ளோ வுழுந்துச்சி பாப்பா?"

"ரெண்டே ரெண்டு அடிதான் நைனா" என்றேன், கொஞ்சம் ஜம்பமாகவே.

அதற்கு அவர் அனுப்பிய பதிலை இன்று காலை மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதலில் ஒரு செருமல். பிறகு சிரிப்பு.

"எம் பொண்ணா இருந்தா சைபரு."