முட்டி உயரத்துப் புகை

நவம்பர் 8, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மூடுபனி. பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் சிலுவைகூடத் தெரியவில்லை. இருமல் அப்படியே.

ஸ்டெல்லாவின் தம்பி அன்டன் கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மேசையில் பேப்பரை விரித்து மூன்று சாமான்களை எடுத்து வைத்தான். எலக்ட்ரானிக் சிகரெட். கேள்விப்பட்டதுண்டு. கண்ணால் பார்ப்பது இன்றுதான்.

"ஒண்ண எடுத்துக்கங்க மச்சான். மத்த ரெண்டையும் கொழும்புல கேட்டிருக்காங்க."

அடுப்படியிலிருந்து ஸ்டெல்லா: "பொகையே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இது என்னா புதுசா?"

"இது பொகை இல்லக்கா. ஆவி."

அந்தச் சொல் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சொன்ன அன்டனே உடனே பேச்சை மாற்றினான்.

மூன்று:
ஒன்று, வெள்ளைக் குச்சி. அசல் சிகரெட் அளவு, நுனியில் சிவப்பு லைட். இழுத்தால் நெருப்பு மாதிரி மினுங்கும். விளையாட்டுச் சாமான்.
அடுத்தது கறுப்புப் பேனா. ஒரே வோல்ட். நம் இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.
மூன்றாவது தடித்த உலோகக் குழல், டோர்ச் மாதிரி. பக்கத்தில் பொத்தான். அடியில் திருகு, 3 இலிருந்து 6 வோல்ட் வரை கோடு போட்டது. புதிதாக வந்த சரக்காம்.

ஸ்டெல்லா வெள்ளைக் குச்சியைக் காட்டினாள். சின்னதாக இருப்பதால் கெடுதலும் சின்னதாக இருக்குமென்று நினைக்கிறாள். நாளை சொல்கிறேன் என்றேன். அன்டனுக்குச் சிரிப்பு. பொண்ணு பார்க்க வந்த மாதிரி யோசிக்கிறேனாம்.

நவம்பர் 9, திங்கள்

மழை. ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் மோட்டார் ஒன்று சூடேறி நின்றது, பெயரிங் போய்விட்டது. மாற்றி முடிக்கும்போது மணி மூன்று.

ஃபேக்டரி மல்டிமீட்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். குழலின் தலையை அளந்தேன், 2.4 ஓம். பேனாவும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பேனா பெட்டரி இறங்க இறங்க ஆவியும் இறங்குகிறது. குழலில் அப்படியில்லை, வைத்த இடத்தில் நிற்கிறது. சாயங்காலமானால் பல்பு மங்கும் இந்தத் தோட்டத்து லைனில் இத்தனை வருடம் கரண்ட் வேலை பார்த்தவனுக்கு, வைத்த இடத்தில் நிற்கும் வோல்ட் என்றாலே ஒரு மரியாதை.

அன்டன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தான். "மூணரையில தொடங்குங்க. கூட்டினா தொண்டையில நல்லாப் புடிக்கும். ரொம்பக் கூட்டினா உள்ள இருக்கிற பஞ்சு கருகிரும்."

3.5: ஒன்றுமேயில்லை, குளிர்காலத்து மூச்சு மாதிரி. 4.2: பீடி ஞாபகம் லேசாக. 5: இருமினேன். 6: கருகல் நாற்றம். ஸ்டெல்லா வந்து ஜன்னலைத் திறந்தாள்.

குழலையே எடுத்துக்கொண்டேன். திரவத்தில் புகையிலை வாசம், புதினா வாசம், வாசமே இல்லாதது என்று வைத்திருந்தான். வாசமில்லாததைக் கேட்டு வாங்கினேன். தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். என் சட்டையிலிருந்து ஒரு பெட்டி தூளுக்குப் புதினா ஏறினால் ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் என்னை விடமாட்டார்.

நவம்பர் 12, வியாழன்

பீடி இல்லாமல் மூன்று நாள். எரிச்சல் உண்டு. ஆனால் முடிகிறது.

சாயங்கால டீக்கு விறகுக் கொட்டகைக்குப் போனேன். ஃபேக்டரிக்குப் பின்னால், யாரும் வராத இடம். சன்னாசி ஆகஸ்டில் செத்துப்போனதற்குப் பிறகு நானும் அங்கே போகவில்லை. ட்ரையர் அடுப்புக்கு விறகு போட்டவன். ஒரே நேரத்தில் நாங்கள் இருவரும் பீடிக்கு அங்கே ஒதுங்குவோம். நான் தூணில் சாய்ந்து நிற்பேன். அவன் விறகு அடுக்கின் ஓரத்தில் குந்திக்கொள்வான். பேச்சு அதிகம் இருக்காது. அவனுக்கு வந்த இருமலும் எனக்கு வந்த இருமலும் ஒரே மாதிரிதான் தொடங்கியது. அவனுக்கு நுரையீரல் முழுக்கப் போய்விட்டது.

4.2இல் வைத்து ஊதினேன். வெள்ளையாக நிறைய வந்தது. ஆனால் வாசம் இல்லாத புகை. நாக்கிலும் ஒன்றுமில்லை. யாரோ குடிக்கும் பீடியை எட்டி நின்று பார்ப்பது போல.

நவம்பர் 17, செவ்வாய்

கொழுந்து குறைவு. நோர்வூட்டுக்குப் போன லொறி திரும்பவில்லை, எங்கோ மண் சரிந்து பாதை அடைபட்டதாம்.

கேட் வாச்சர் பெரியசாமி காலையில் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"சவரியண்ணே, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது. வெறகுக் கொட்டகையில பொகை வருதுண்ணே. தினமும் டீ நேரத்துல."

"ட்ரையர் பொகையா இருக்கும்."

"அதுக்கு வாசம் இருக்குமுல்ல. இதுல ஒரு வாசமும் இல்ல. நெருப்புமில்ல. கேட்டுலருந்து பாக்குறேன், மூச்சு விடுற மாதிரி விட்டு விட்டு வருது."

சிரித்துவிட்டேன். குழலை எடுத்துக் காட்டினேன். பொத்தானை அழுத்தி அவர் முகத்துக்கு நேராக ஊதினேன். பாவம், ரெண்டடி பின்னால் போனார். பிறகு அவரும் சிரித்தார். ஆனால் சிரித்தபடியே: "சனிக்கிழமையும் நீங்கதானா?"

சனிக்கிழமை நான் லீவு. வீட்டில் கூரை ஒழுகல் அடைத்துக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. மூடுபனி என்று சொல்லிவிட்டு வந்தேன். மூடுபனி விட்டு விட்டு வராது. அது அவருக்கும் தெரியும்.

நவம்பர் 19, வியாழன்

இருமல் கொஞ்சம் தேவலை. சளியில் கறுப்பு குறைவு.

டீமேக்கர் மேல்மாடி ஜன்னலிலிருந்து கொட்டகையைப் பார்த்தபடி சிங்களத்தில் கேட்டார்: "மொகத ஏ தும?" என்ன புகை அது என்று. நான் அப்போது அவருக்குப் பக்கத்தில் நின்று ஃபேன் சுவிட்ச் மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ ட்ரைவர் கையில். குழல் கீழே, என் லொக்கரில், பூட்டிய நிலையில்.

நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனி மலையிலிருந்து குறுக்காக ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள்ளிருந்து வந்தது மட்டும் நேராக மேலே போனது. பனியோடு கலக்கவில்லை.

நெருப்பாக இருக்குமோ என்று டீமேக்கர் ஆள் அனுப்பினார். போனவன் திரும்பி வந்து விறகு ஈரமாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்றான்.

வீட்டில் குழலை 3க்கு இறக்கிவிட்டேன். ஆகக் குறைந்த அளவு. இனி ஊதினாலும் கண்ணுக்குத் தெரியாது. எதற்காக இறக்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. என் புகைக்கும் அந்தப் புகைக்கும் ஒரு சம்பந்தம் இருந்தால் இரண்டும் சேர்ந்து குறையட்டும் என்ற எண்ணமோ என்னவோ.

நவம்பர் 21, சனி

ஹட்டனுக்குப் போய் வயர், ஃபியூஸ், ஸ்டெல்லாவுக்கு நூல் வாங்கி வந்தேன். குழலும் என் பையிலேயே. பஸ்ஸில் ஒரே நெரிசல்.

திரும்பும்போது கேட்டில் பெரியசாமி. இந்த முறை கிட்டே வராமல், தூரத்திலிருந்தே:

"அண்ணே, இன்னிக்கு நல்ல பெருசா வந்திச்சு."

வீட்டுக்கு வந்து திருகைப் பார்த்தேன். 3இல்தான் இருந்தது.

நவம்பர் 24, செவ்வாய்

மழை விட்டு லேசான வெயில். உடம்பு சூடேறவில்லை.

சன்னாசியின் மனைவி செல்லம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கொழுந்துக் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, ஸ்டெல்லா தந்த பிளேன்டீயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்கள் சொல்லியிருப்பார்கள். அவர் வாயைத் திறக்கும் முன் நானே சொல்லிவிடலாமென்று குழலை எடுத்து மேசையில் வைத்தேன்.

"தங்கச்சி, அந்தப் பொகை நான்தான். இந்த மெசின்ல வர்றது. சனம் சும்மா கதை கட்டுது. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

அவர் குழலை எடுத்துப் பார்க்கவில்லை. டீயைக் குடித்தார்.

"ஒங்களையும் பாத்திருக்கேண்ணே. மலையிலருந்து எறங்குற பாதையில நின்னா கொட்டகை நல்லாத் தெரியும். நீங்க தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டு ஊதுறீங்க. அது ஒசரமா வருது. நான் சொல்றது நீங்க போனதுக்கப்புறம் வர்ற பொகை. அது கீழேருந்து வருது. முட்டி ஒசரம். அவரு குந்திக்கிட்டுத்தானே குடிப்பாரு."

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குண்ணே பயம். பத்திரமா இருக்காருன்னு தெரியுது."

அவர் போன பிறகு நானும் ஸ்டெல்லாவும் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தோம். "நீங்க அங்க போகாதீங்க" என்றாள். சரி என்றேன்.

நவம்பர் 29, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் பூசை. பாட்டுக்குழுவில் என் குரல் மறுபடி வந்திருப்பதாக ஸ்டெல்லா சொன்னாள். குழலை வீட்டுக்குள் மட்டும்தான் பாவிக்கிறேன், 3.8இல். பீடி ஞாபகம் அருகிவிட்டது. கொட்டகைப் பக்கம் போகவில்லை. போகாத இந்த நாட்களில் புகையும் வரவில்லை என்று பெரியசாமி சொல்கிறார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

பூசைக்குப் பிறகு செல்லம்மா கோயில் படியருகே காத்து நின்றார். இந்துக் குடும்பம், இந்தப் பக்கம் வருகிற ஆளே இல்லை.

மகள் கௌரி வந்திருக்கிறாளாம். கொழும்பில் கார்மண்ட் வேலை. சன்னாசி போனபோது அவளுக்குச் செய்தி கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கவில்லை. இப்போது ஜோர்தானுக்கு வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை பயணம். தாய் புகையைப் பற்றிச் சொல்லி இரண்டு சாயங்காலம் பாதையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். ஒன்றும் வரவில்லை.

"அம்மாவுக்கு மூளை கொழம்பிருச்சு, தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொல்றாண்ணே. பாஸ்போட்டக் கிழிச்சுப் போடுறேங்குறா. அவ வாழ்க்கை என்னால நிக்கக் கூடாது." குரல் தணிந்தது. "நீங்க ஒருவாட்டி வந்து அந்த மெசின ஊதணும். வெறகு அடுக்குக்குப் பின்னாடி. குந்திக்கிட்டு."

வீட்டில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஏமாற்று வேலை என்று திட்டுவாள் என எதிர்பார்த்தேன். வெகுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்புத்தாங்க," என்றாள் கடைசியில். "ஆனா வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல."

டிசம்பர் 1, செவ்வாய்

நாள் முழுக்கப் பனி. வேலையில் மனம் போகவில்லை. இரண்டு முறை தப்பான சுவிட்சில் கை வைத்தேன்.

வருகிறேன் என்று நேற்றே செல்லம்மாவிடம் சொல்லியாயிற்று. பெட்டரி முழுக்கச் சார்ஜ். குழல் நிறையத் திரவம். டீ நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். விறகு அடுக்குக்குப் பின்னால், சன்னாசி குந்தும் அதே ஓரத்தில் குந்தினேன். அங்கிருந்து பார்க்கும்போது உலகம் வேறு மாதிரி. நான் எப்போதும் சாயும் தூண் ரொம்ப உயரமாகத் தெரிந்தது. இத்தனை வருடம் அவன் என்னை இப்படித்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறான்.

விறகு இடுக்கு வழியாகப் பாதை தெரிந்தது. செல்லம்மாவும் கௌரியும் வந்து நின்றார்கள். கௌரி கையைக் கட்டிக்கொண்டு, எரிச்சலோடு. தகப்பன் மூக்கு அவளுக்கு.

5 வோல்ட் வரை கூட்டி ஊதினேன். அடுக்குக்கு மேல் வெள்ளையாக எழுந்தது. செல்லம்மா கையை நீட்டிக் காட்டினார். கௌரி அசையவில்லை. மறுபடி ஊதினேன். 6க்குக் கூட்டினேன். பஞ்சு கருகித் தொண்டையை அறுத்தது. இருமலை அடக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். குழல் அதோடு செத்தது. பொத்தானை அழுத்தினால் ஒன்றுமில்லை. இருந்த புகையும் கரைந்துவிட்டது. காரியம் கெட்டது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தலை நிமிர்ந்தபோது கௌரி கைகளைக் கூப்பி நின்றாள். முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் அவள் பார்த்தது விறகு அடுக்கை அல்ல. அதற்குப் பக்கத்தில், மேலே.

நானும் திரும்பிப் பார்த்தேன். தூணருகே, நான் நிற்கும் இடத்தில், நின்றால் என் வாய் வரும் உயரத்தில் புகை. மெதுவாக, மூச்சு விட்டு விட்டு. கொஞ்சம் என் முகத்தின் மேலும் வந்தது. பீடி வாசம்.

"அப்பா எந்திரிச்சு நிக்கிறாரும்மா," என்றாள் கௌரி. "நான் போயிட்டு வர்றேன்ப்பா."

செல்லம்மா தூணைப் பார்த்தார். பிறகு நான் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது. சன்னாசி ஒருநாளும் நின்று குடித்ததில்லை, அது என் இடம்.

அவர்கள் போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.